சேலத்தில் விவாகரத்து: கையெழுத்துக்கு முன்னும் தீர்ப்புக்குப் பின்னும்

திண்ணைப் பஞ்சாயத்திலோ, மகளிர் காவல் நிலைய மேசையிலோ, நோட்டரி அலுவலக வாசலிலோ, நாலு ராத்திரி தூங்காத ஒருவர் போட்டுவிட்டு வரும் கையெழுத்துதான் பிற்பாடு வருடக்கணக்கில் வழக்காக இழுக்கிறது. பிரச்சினை வெடித்த முதல் ஒரு மாதம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். "இப்போதைக்கு எழுதிக் குடு, அப்புறம் பாத்துக்கலாம்" என்று தாய்மாமன் சொன்னாலும் சரி, ஊர்ப் பெரியவர் சொன்னாலும் சரி, "வக்கீல்கிட்ட காட்டிட்டு நாளைக்குத் தர்றேனுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். மனம் நிலைகொள்ளாத நேரத்தில் எடுக்கும் சட்ட முடிவு தப்பாகப் போகிறது. சட்டம் தெரியாத பயம் மனத்தை இன்னும் கெடுக்கிறது. அதனால் இரண்டையும் சேர்த்தே இங்கே சொல்கிறோம்.

அடி, கொலை மிரட்டல், வீட்டைவிட்டுத் துரத்துவது என்று இருந்தால் ஒரு மாதம் பொறுக்கும் பேச்சே இல்லை. அன்றே 112-ஐ அல்லது பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள். காயம் இருந்தால் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொல்லாதீர்கள். யார் அடித்தார், எதால் அடித்தார், எத்தனை மணிக்கு என்று நீங்கள் சொல்வதைத்தான் மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். பின்னால் நீதிமன்றத்தில் பேசப்போவது அந்தப் பதிவேட்டின் நகல், அதாவது ஏ.ஆர். காப்பி. முதல் நாள் குடும்ப மானத்துக்காகச் சொன்ன பொய்யை ஆறு மாதம் கழித்து மாற்ற முடியாது.

2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம். மனுவை எழுத உதவ மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். கட்டணம் இல்லை. பாதுகாப்பு உத்தரவு, அதே வீட்டில் தொடர்ந்து குடியிருக்கும் உரிமை, மாதச் செலவு, குழந்தையின் தற்காலிகப் பொறுப்பு ஆகிய நான்கையும் ஒரே மனுவில் கேட்கலாம். அவசரமென்றால் எதிர்தரப்பு வரும் முன்பே இடைக்கால உத்தரவு போட 23-ஆம் பிரிவில் இடமுண்டு. வீடு மாமனார் பெயரில் இருக்கிறது என்பதற்காக உங்களை ஒரே நாளில் வெளியே தள்ள முடியாது. 2020-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஒரு வருடம் வரை சிறை உண்டு.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வராதீர்கள். காவலர்கள் இரு தரப்பையும் அழைத்துப் பேசுவார்கள். அது சமரசப் பேச்சு மட்டுமே. விவாகரத்து தரவோ, குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கவோ காவல் நிலையத்துக்கு அதிகாரம் இல்லை.

பத்திரத்தில் எழுதித் தீர்த்துக்கொள்வது

சேலம் மாவட்டக் கிராமங்களில் இன்னும் நடப்பது இது. ஊர் கூடி, சீர் சாமானைத் திருப்பிக் கொடுத்து, முத்திரைத்தாளில் "இனி எங்களுக்குள் எந்தச் சம்பந்தமும் இல்லை" என்று எழுதி, நோட்டரி சீல் வைத்துவிடுவார்கள். அந்தப் பத்திரத்தை நம்பி இரண்டு பேரும் மறுமணம் செய்துகொள்கிறார்கள். சட்டப்படி முதல் திருமணம் அப்படியேதான் இருக்கிறது. இரண்டாவது திருமணம் செல்லாது. பாதிக்கப்பட்டவர் புகார் கொடுத்தால் அது பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்தது) 82-ஆம் பிரிவில் குற்றம். அரசு வேலை, பாஸ்போர்ட், வாரிசுச் சான்றிதழ் என்று வரும்போதுதான் பலருக்கு இது உறைக்கிறது. அப்போது இரண்டாவது மனைவியின் பிள்ளைகளும் சேர்ந்து அலைய வேண்டியிருக்கிறது.

வழக்காற்று விவாகரத்தை இந்து திருமணச் சட்டத்தின் 29(2) பிரிவு காப்பாற்றுகிறது என்பது உண்மை. ஆனால் உங்கள் சமூகத்தில் அப்படியொரு வழக்கம் நெடுங்காலமாக, மாறாமல் இருக்கிறது என்பதை நீங்கள்தான் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். பெரும்பாலான வழக்குகள் அந்த இடத்தில் விழுந்துவிடுகின்றன.

சேர்வராயன் மலையின் மலையாளி மக்களுக்கு நிலைமை வேறு. சேலம் மாவட்டத்தில் அவர்கள் பட்டியல் பழங்குடியினர். மத்திய அரசு தனி அறிவிப்பு வெளியிட்டாலன்றி, பட்டியல் பழங்குடியினருக்கு இந்து திருமணச் சட்டம் பொருந்தாது என்று அதன் 2(2) பிரிவே சொல்கிறது. ஆகவே அவர்களின் திருமணமும் முறிவும் ஊர் வழக்கப்படி நடப்பவை. சிக்கல் வழக்கத்தில் இல்லை, ஆதாரத்தில்தான். ஊர்க்கவுண்டர் முன்னிலையில் தீர்ந்தது என்றால் தேதி, இடம், கூடியிருந்தவர்கள், கொடுத்து வாங்கியது எல்லாவற்றையும் எழுதி, இரு தரப்பும் ஊர்ப் பெரியவர்களும் கையொப்பம் இட வேண்டும். பின்னால் அரசு ஆவணங்களுக்குத் தேவைப்பட்டால், திருமண நிலை இன்னது என்று அறிவிக்கும் தீர்ப்பு (விளம்புகை) கேட்டு நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். அந்த நாளில் இந்தக் காகிதமும் உயிரோடிருக்கும் சாட்சிகளும்தான் கைகொடுக்கும். ஜீவனாம்சச் சட்டமும் குடும்ப வன்முறைச் சட்டமும் எல்லா மதத்துக்கும் எல்லாச் சமூகத்துக்கும் பொது. "நம்ம வழக்கத்துல பொண்ணுக்குப் பணம் குடுக்கறதில்ல" என்ற பதில் அங்கே எடுபடாது.

எந்தச் சட்டம் உங்களுக்கு

இந்து முறைத் திருமணத்துக்கும் சுயமரியாதைத் திருமணத்துக்கும் 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம். பதிவு செய்யாத கல்யாணம் என்பதால் விவாகரத்து தேவையில்லை என்று நினைப்பது தவறு. பத்திரிகை, புகைப்படம், மண்டப ரசீது, சாட்சி இவற்றால் திருமணம் நிரூபிக்கப்படும். சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்தவர்களுக்கு 1954-ஆம் ஆண்டுச் சட்டம்.

கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம். திருச்சபை நீதிமன்றம் திருமணத்தை ரத்து செய்து கடிதம் கொடுத்தாலும் அரசின் பார்வையில் திருமணம் தீராது. குடும்ப நீதிமன்ற ஆணை தனியாக வேண்டும். மனமொத்துப் பிரிவதற்குச் சட்டப் புத்தகத்தில் 2 வருடத் தனி வாழ்வு கேட்கிறார்கள். கேரள உயர் நீதிமன்றம் அதை 1 வருடமாகக் குறைத்தது. இங்கே அதை வைத்து மனுப் போடலாமா என்பதை வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுத் தேதியை முடிவு செய்யுங்கள்.

முஸ்லிம் பெண்கள் 1939-ஆம் ஆண்டுச் சட்டத்தில் விவாகரத்து கேட்கலாம். குலா (மனைவி கேட்டுப் பெறும் விவாகரத்து) கேட்பவர்கள் குடும்ப நீதிமன்றத்துக்குத்தான் வர வேண்டும், தனியார் ஷரியத் கவுன்சில் தரும் சான்றிதழ் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் சொன்னது. உடனடி முத்தலாக் செல்லாது. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 3 வருடம் வரை சிறைக்குரிய குற்றம்.

முதல் வாரம்

பெரும்பாலான பெண்களின் ஆதார் எண் கணவரின் செல்போன் எண்ணோடு இணைந்திருக்கும். வங்கி, ரேஷன், கேஸ், பள்ளி எல்லாவற்றின் ஓ.டி.பி.யும் அவர் கைக்குத்தான் போகும். முதலில் ஆதார் மையத்துக்கு நேரில் போய் உங்கள் சொந்த எண்ணை இணையுங்கள். விரல் ரேகை போதும், பழைய எண் தேவையில்லை. பிறகு உங்கள் பெயரில் மட்டும் ஒரு சேமிப்புக் கணக்கு. அஞ்சலகக் கணக்கே போதும். வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற இடத்தைத் திறந்து, தெரியாத கணினி ஏதும் இருந்தால் வெளியேற்றுங்கள். யு.பி.ஐ. ரகசிய எண், மின்னஞ்சல் கடவுச்சொல் இரண்டையும் மாற்றுங்கள்.

அடுத்து காகிதங்கள். கல்யாணப் பத்திரிகை, ஆல்பம், பதிவுச் சான்று, குழந்தைகளின் பிறப்புச் சான்று, குடும்ப அட்டை, நகைக் கடை பில், சீர் வாங்கிய ரசீதுகள், மொய் நோட்டு. மொய் நோட்டை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. யார் என்ன நகை போட்டார்கள், எவ்வளவு ரொக்கம் வந்தது என்று அன்றைய தேதியில், அன்றைய கையெழுத்தில் எழுதிய பதிவு அது. பில் தொலைந்துபோன நகைக்கு ஆல்பத்தில் அது கழுத்தில் தெரியும் படமும் மொய் நோட்டும் சேர்ந்தால் நல்ல ஆதாரம். பெண்ணுக்குப் போட்ட நகையும் சீரும் அவளுடைய தனிச் சொத்து என்று 1985-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. கணவர் வீட்டு பீரோவில் இருப்பதால் அது அவர்களுடையதாகிவிடாது. நகை அடகில் இருந்தால் அடகுச் சீட்டைப் படமெடுத்து வையுங்கள்.

வாட்ஸ்அப் செய்திகளுக்கு ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. மூலச் செய்தி இருக்கும் போனை விற்காமல், ரீசெட் செய்யாமல் வைத்திருங்கள். மின்னணு ஆதாரம் தாக்கல் செய்யும்போது பாரதிய சாக்ஷ்ய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் இணைக்க வேண்டும். போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு வந்தவருக்கு அந்தச் சான்றிதழ் தருவது பெரும்பாடு.

ரொக்க வருமானத்தைக் காட்டுவது

மாதச் சம்பளக்காரர் என்றால் சம்பளச் சீட்டே பேசிவிடும். சேலத்தில் கஷ்டமே வேறு. வெள்ளிக் கொலுசுப் பட்டறை, விசைத்தறி, சேகோ ஆலை, லாரி, காபித் தோட்டம் என்று கைமேல் பணம் புரளும் தொழில்கள். நீதிமன்றத்தில் "கூலிக்குத்தான் போறேன், மாசம் எட்டாயிரம்" என்று மனுவில் எழுதிவிடுவார்கள். "இல்லை, லட்சக்கணக்கில் வருகிறது" என்று வெறுமனே சொல்வதால் பயனில்லை. வருமானம் தெரியாது, ஆனால் வருமானத்தின் தடம் தெரியும். அதைத் தேட வேண்டும்.

தறிக்கூடம் என்றால் மின் இணைப்பு யார் பெயரில், எத்தனை குதிரைத்திறன் என்று மின்கட்டண அட்டை சொல்லும். அதிலிருந்து எத்தனை தறி ஓடுகிறது என்று கணக்குக்கு வரலாம். பட்டறை என்றால் ஜி.எஸ்.டி. பதிவு, சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு, வாங்கிய கடனுக்கு வங்கியில் கொடுத்த விண்ணப்பம். கடன் வாங்கும்போது எல்லோரும் வருமானத்தைக் கூட்டித்தான் எழுதுவார்கள். அந்த விண்ணப்பத்தை வரவழைக்க நீதிமன்றத்தில் மனுப் போடலாம். நிலத்துக்குப் பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று மூன்றும் இணையத்திலேயே கிடைக்கின்றன. பிரச்சினை தொடங்கியபின் சொத்தை அண்ணன் பெயருக்கோ அம்மா பெயருக்கோ மாற்றியிருந்தால் வில்லங்கச் சான்றில் தேதியோடு தெரியும். வண்டிக்கு ஆர்.சி., பிள்ளைகளின் பள்ளிக் கட்டண ரசீது, காப்பீட்டுத் தவணை எல்லாமே வாழ்க்கைத் தரத்துக்குச் சாட்சி.

ஏற்காட்டுத் தோட்டங்களில் லைன் வீட்டில் (தொழிலாளர் குடியிருப்பில்) இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த வீடு வேலையோடு வந்தது. கணவர் பெயரில் மட்டும் இருந்து அவர் வேலையை விட்டுவிட்டால், வீடும் கையைவிட்டுப் போகக்கூடும். நீங்களும் அங்கே வேலை செய்பவர் என்றால், ஆள் பதிவிலும் பி.எஃப். கணக்கிலும் உங்கள் பெயர் தனியாக இருக்கிறதா என்று தோட்ட அலுவலகத்தில் இப்போதே பார்த்துவிடுங்கள்.

2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தந்த ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்புக்குப் பிறகு, ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன், செலவு எல்லாவற்றையும் குறிப்பிட்ட படிவத்தில் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்தாக வேண்டும். எதிர்தரப்பு தரவில்லை என்றால் அதைக் கேட்டே மனுப் போடுங்கள். உங்களுடையதை நேர்மையாக எழுதுங்கள். தையல் வேலையில் வரும் 6,000 ரூபாயை மறைத்து, அது யு.பி.ஐ. கணக்கில் வெளியே வந்தால், நீங்கள் சொன்ன மற்ற உண்மைகளும் சேர்ந்து அடிபடும். ஜீவனாம்சம் மனுப் போட்ட தேதியிலிருந்து கணக்காகும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. அதனால் மனுவைத் தள்ளிப்போடுவதில் யாருக்கும் லாபம் இல்லை.

சம்பளத்தில் நாலில் ஒரு பங்கு கட்டாயம் கிடைக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. அப்படிச் சட்டம் இல்லை. 2017-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்ன அளவுகோல் அது. நீதிபதிகள் அதைப் பார்ப்பார்கள், ஆனால் கட்டுப்பட்டவர்கள் அல்லர். கணவருக்கு வருமானம் இல்லாமல் மனைவி சம்பாதிப்பவர் என்றால், இந்து திருமணச் சட்டத்தின் 24, 25 பிரிவுகளில் கணவரும் கேட்கலாம்.

மனமொத்துப் பிரிவது

இருவரும் ஒத்துக்கொண்டால் இந்து திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவு. குறைந்தது 1 வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். ஒரே கூரையின்கீழ் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழவில்லை என்றால் அதுவும் பிரிவுதான். முதல் மனுவுக்கும் இரண்டாவது முறை ஆஜராவதற்கும் இடையே 6 மாத அவகாசம். 18 மாதத்துக்குள் இரண்டாவது கட்டத்தை முடிக்க வேண்டும். மனுவுக்கு முன்பே 18 மாதம் பிரிந்திருந்து, சமரசம் தோற்று, பணமும் குழந்தைப் பொறுப்பும் பேசி முடிந்திருந்தால், அந்த 6 மாதத்தைத் தளர்த்தச் சொல்லி முதல் கட்டம் முடிந்து ஒரு வாரத்தில் மனுப் போடலாம். 2017-இல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்டிய வழி இது. தளர்த்துவதும் மறுப்பதும் நீதிபதியின் முடிவு.

தீர்ப்பு வரும் நாள்வரை எவரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பதை மறக்கக் கூடாது. அதனால்தான் ஒப்பந்தத்தில் பணத்தைப் பிரித்து வைக்க வேண்டும். ஒரு பகுதி முதல் கட்டத்தில், மீதி இரண்டாவது கட்டத்தில் நீதிபதி முன்னால் டி.டி.யாக. முழுத் தொகையை முன்பே கொடுத்தவரும், முழுத் தொகையும் பிறகு வரும் என்று நம்பியவரும் ஒரே மாதிரி ஏமாந்திருக்கிறார்கள். நகை எத்தனை பவுன், எந்தத் தேதியில், யார் முன்னிலையில் திரும்பும், வீட்டுக் கடனை யார் கட்டுவார், ஜாமீன்தாரராகப் போட்ட கையெழுத்திலிருந்து வங்கி எப்போது விடுவிக்கும், நிலுவையில் உள்ள குற்ற வழக்கை முடிக்க யார் எப்போது உயர் நீதிமன்றத்தில் ஒத்துழைப்பார் என்று ஒவ்வொன்றுக்கும் தேதி எழுதுங்கள். "பேசி முடித்துக்கொள்வோம்" என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தால் அது முடியாத வரி.

வீட்டையோ மனையையோ மாற்றிக் கொடுப்பதாக இருந்தால் தீர்ப்புக்கு முன்பே செட்டில்மென்ட் பத்திரத்தைப் பதிவு செய்யுங்கள். குடும்ப உறுப்பினருக்கு முத்திரைத் தீர்வையில் சலுகை உண்டு. தீர்ப்பு வந்த மறுநாள் நீங்கள் கணவன் மனைவி இல்லை, சலுகையும் இல்லை.

"குழந்தைக்காகவும் இனி எதுவும் கேட்க மாட்டேன்" என்று அம்மாவிடம் எழுதி வாங்குவது வழக்கமாக இருக்கிறது. குழந்தையின் பராமரிப்பு குழந்தையின் உரிமை. அதை அம்மா விட்டுக்கொடுத்து எழுதினாலும் நிற்காது. அந்த வரியை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

ஒத்து வராதபோது

திருமணமாகி 1 வருடத்துக்குள் பொதுவாக விவாகரத்து மனுப் போட முடியாது. மிகக் கடுமையான துன்பம் என்றால் தனி அனுமதி கேட்கலாம். கொடுமை, 2 வருடம் தொடர்ந்து கைவிட்டிருப்பது, வேறு உறவு போன்ற காரணங்களை நிரூபிக்க வேண்டும். மனுவை எங்கே போடுவது? கல்யாணம் நடந்த ஊர், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், எதிர்தரப்பு இருக்கும் ஊர். மனைவி என்றால் இப்போது தான் வசிக்கும் ஊரிலும் போடலாம். கோவையிலோ சென்னையிலோ வாழ்ந்துவிட்டு அம்மா வீடு சேலம் என்று வந்தவர் இங்கேயே போடலாம்.

மனுவில் காரத்தைக் கூட்ட வேண்டாம். குறிப்பாக நடத்தை பற்றி. ஆதாரம் இல்லாமல் இன்னொருவரோடு தொடர்பு என்று எழுதி நிரூபிக்க முடியாமல் போனால், அந்த எழுத்தே எதிர்தரப்புக்குக் கொடுமைக்கான ஆதாரமாகிவிடும். தேதி, இடம், நடந்தது என்று எழுதிய ஐந்து சம்பவங்கள், தேதி இல்லாத ஐம்பது குற்றச்சாட்டைவிட வலுவானவை.

உங்களுக்குச் சம்மன் வந்தால் வாங்கிவிடுங்கள். வாங்காமல் திருப்பி அனுப்பினால் வழக்கு நின்றுவிடும் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். நிற்காது. மறுத்தால் உங்களிடம் சேர்த்ததாகவே எடுத்துக்கொண்டு, நீங்கள் இல்லாமலே எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு வந்துவிடும். அப்படி வந்துவிட்டால் அதை நீக்கக் கேட்க 30 நாள்தான்.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்பதற்காக நிற்க வேண்டாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமான வரம்பே பார்க்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வழக்கறிஞர் தரும். நேரில் போகலாம், 15100-க்கும் அழைக்கலாம். சொந்தமாக வைத்துக்கொள்பவர்கள் மொத்தக் கட்டணம் எவ்வளவு, எதெதற்குத் தனியாக என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். தாக்கல் செய்யும் ஒவ்வொன்றிலும் ஒரு நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும். மனு நம்பர் ஆனதும் வழக்கின் அடையாள எண்ணான 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைக் கேட்டு வாங்கி இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டுவிட்டால், அடுத்த வாய்தா எப்போது, இன்று என்ன நடந்தது என்று நீங்களே பார்க்கலாம். யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. இது சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் "என் வழக்கு எந்த நிலையில் இருக்குன்னே தெரியல" என்ற தவிப்புத்தான் பலரின் தூக்கத்தைக் கெடுக்கிறது.

சேலம் நீதிமன்ற வளாகத்தில் காலை 10.30-க்குப் பெயர் கூப்பிடத் தொடங்கினால் உங்கள் முறை மாலைகூட ஆகலாம். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வருபவர்கள் முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். சாப்பாடு, தண்ணீர், அன்றாட மாத்திரை கையில் இருக்கட்டும். கூட ஒருவர் வரட்டும். ஆனால் சண்டைக்கு நிற்கும் ஆளை அழைத்து வராதீர்கள். வராந்தாவில் நடக்கும் கைகலப்பு ஒரு புது வழக்கு.

குழந்தைகள்

5 வயதுக்குட்பட்ட குழந்தை சாதாரணமாக அம்மாவிடம் இருக்கும் என்பது இந்துக்களுக்கான 1956-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டம். அதற்கு மேல் அப்பா, அம்மா யாருடைய உரிமையையும்விடக் குழந்தையின் நலன்தான் முதலில். பள்ளி, பாட்டி வீடு, யார் தினமும் கவனித்தார் என்று நீதிபதி பார்ப்பார், விவரம் தெரிந்த பிள்ளையிடம் தனியாகப் பேசியும் பார்ப்பார். அதற்காகப் பிள்ளைக்குப் பாடம் நடத்தி அனுப்பாதீர்கள். சொல்லிக்கொடுத்த வார்த்தையை நீதிபதியும் கவுன்சிலரும் எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள். அதைவிட, அந்தப் பிள்ளை ஒருவரைக் காட்டிக்கொடுத்த பாரத்தைச் சுமக்கும்.

பார்க்கும் உரிமையைப் பொத்தாம்பொதுவாக எழுதுவதுதான் மறுபடி மறுபடி நீதிமன்றம் ஏற வைக்கிறது. "மாதம் இரண்டு ஞாயிறு" என்றால் எந்த இரண்டு? முதல், மூன்றாம் ஞாயிறு, காலை 10 முதல் மாலை 5 வரை, ஒப்படைக்கும் இடம் இன்னது என்று எழுதுங்கள். சின்னக் குழந்தைக்குக் குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா மாதிரி வெளியிடம் நல்லது. இரு வீட்டு வாசலையும் தவிர்க்கலாம். தீபாவளி ஒருவரிடம் என்றால் பொங்கல் மற்றவரிடம், அடுத்த வருடம் மாற்றி. ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்கு எந்தப் பாட்டி வீடு என்பதுகூடச் சேலத்தில் சண்டைக்குக் காரணமாகும், அதையும் எழுதுங்கள். காலாண்டு, அரையாண்டு, கோடை விடுமுறைகளின் பங்கு, வீடியோ அழைப்பின் நேரம், காய்ச்சல் வந்தால் யார் யாருக்குச் சொல்வது என்பதும் அதில் வர வேண்டும். பள்ளியில் பிள்ளையை அழைத்துப்போகும் உரிமை யாருக்கு என்ற கடிதமும், உத்தரவு நகலும் தலைமையாசிரியரிடம் இருக்கட்டும்.

பிள்ளைகளிடம் இருவரும் சேர்ந்தோ, முடியாவிட்டால் ஒருவராவது, மூன்று விஷயங்களைச் சொல்ல வேண்டும். இனி இரண்டு வீடு. இது உன்னால் நடந்ததில்லை. பள்ளியும் நண்பர்களும் மாறுமா, மாறாதா. "அப்பா வெளியூர் போயிருக்கார்" என்ற பொய் வேண்டாம். வகுப்பில் வேறொரு பிள்ளை வாயிலிருந்து உண்மை தெரியவரும். ஜீவனாம்சம் வரவில்லை என்றால் அதற்கு நீதிமன்றம் இருக்கிறது. குழந்தையைக் காட்டாமல் வைப்பது தீர்வாகாது. குழந்தையைக் காட்டவில்லை என்பதற்காகப் பணத்தை நிறுத்துவதும் அப்படித்தான். இரண்டையும் நீதிமன்றம் தனித்தனியாகவே பார்க்கும்.

மனம்

சம்மன் வந்த வாரம், வாய்தாவுக்கு முந்தின ராத்திரி, குறுக்கு விசாரணை முடிந்த மறுநாள் இந்த மூன்றும் மிகக் கடினமானவை. குறுக்கு விசாரணையில் எதிர்தரப்பு வழக்கறிஞர் உங்கள் வாழ்க்கையின் மிக அந்தரங்கமான பகுதியை எடுத்துக் கேட்பார். இரு தரப்பில் ஒருவர் கேட்டாலும் மூடிய அறையில் விசாரிக்க வேண்டும் என்பது குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு. கேளுங்கள். கேள்வி புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல்லலாம். ஞாபகம் இல்லாததை இல்லை என்றே சொல்லுங்கள். மறுநாள் வேலை, விருந்தாளி, பெரிய முடிவு எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

போன் அழைப்புகளைக் குறையுங்கள். சொந்தத்தில் இருபது பேருக்கு இருபது முறை கதை சொன்னால் காயம் இருபது முறை திறக்கும். விவரம் தெரிந்த ஒருவர், அழத் தோள் தரும் ஒருவர், இரண்டு பேர் போதும். மற்றவர்களுக்கு "கோர்ட்ல இருக்குங்க, முடிஞ்சதும் சொல்றேன்" என்ற ஒரே பதில். ராத்திரி 9-க்கு மேல் எதிர்தரப்புக்குச் செய்தி அனுப்பாதீர்கள். அனுப்பியது எல்லாம் ஆதாரம்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, நெஞ்சு அடைக்கிறது, வேலைக்குப் போக முடியவில்லை என்றால் அது மன உறுதிக் குறைவு இல்லை, சிகிச்சை தேவைப்படும் நிலை. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். மனநல மாத்திரை சாப்பிட்டால் "பைத்தியம்" என்று சொல்லிக் குழந்தையைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. துக்கத்துக்கும் பதற்றத்துக்கும் மருத்துவம் பார்ப்பதை வைத்து மட்டும் குழந்தைப் பொறுப்பை மறுத்துவிட மாட்டார்கள். பார்க்காமல் விட்டு வீடும் பிள்ளையும் கவனிப்பாரற்றுப் போனால்தான் சிக்கல். ஆண்கள் இதை இன்னும் மறைக்கிறார்கள், குடியில் மூழ்கி அதையே எதிர்தரப்பின் ஆதாரமாக ஆக்கிக்கொள்கிறார்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால், எந்த நேரமானாலும் 14416 அல்லது 104. தமிழிலேயே பேசலாம்.

தீர்ப்புக்குப் பின்

தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு அன்றே நகல் மனுப் போடுங்கள். குறைந்தது மூன்று வாங்குங்கள். எதிர்த்து நடந்த வழக்கு என்றால் மேல்முறையீட்டுக் காலம் முடியாமல் மறுமணம் கூடாது. குடும்ப நீதிமன்றச் சட்டத்தில் 30 நாள், இந்து திருமணச் சட்டத்தில் 90 நாள் என்று இருப்பதால், 90 நாள் பொறுத்து, உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு ஏதும் இல்லை என்று வழக்கறிஞர் மூலம் பார்த்துவிட்டு நாள் குறிப்பதே பாதுகாப்பு.

குடும்ப அட்டையில் பெயர் நீக்கி உங்களுக்கு வேறு அட்டை, வங்கி, பி.எஃப்., காப்பீடு எல்லாவற்றிலும் நாமினி மாற்றம், பாஸ்போர்ட்டில் துணைவர் பெயர் நீக்கம் எல்லாம் அந்த நகலை வைத்துத்தான். நாமினியை மாற்ற மறந்துவிடுகிறார்கள், பத்து வருடம் கழித்துப் புதுக் குடும்பமும் பழைய குடும்பமும் ஒரே பாலிசிக்கு நிற்கிறார்கள்.

ஜீவனாம்சம் உத்தரவானபின் மூன்று மாதம் வராவிட்டால் பெருந்தன்மையாகக் காத்திருக்க வேண்டாம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 144-ஆம் பிரிவில், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவைப் போலவே, பாக்கித் தொகைக்கு அது கொடுக்க வேண்டிய நாளிலிருந்து 1 வருடத்துக்குள் மனுப் போட்டால்தான் வாரண்ட் மூலம் வசூலிக்க முடியும். ஒவ்வொரு மாதமும் பணம் எந்தத் தேதியில் எவ்வளவு வந்தது என்று பாஸ்புக்கில் வரவு பதிந்து, வராத மாதத்தைச் சிவப்பில் குறித்து வையுங்கள். வசூல் மனுவோடு இணைக்க அந்தப் பக்கங்களின் நகல் வேண்டும்.